கொழும்பு விகாரமகாதேவி பூங்கா திறந்தவெளி அரங்கு: முன்வரிசைக்குக் காசைக் கொட்டாதீங்கோ

எங்கட அப்பா சுன்னாகத்தில லவுட்ஸ்பீக்கர் கடை வைச்சிருந்தவர். கோயில் திருவிழா வந்தால் பனையில ஏறி ஸ்பீக்கர் குழாய் கட்டுறது என்ர வேலை. அந்தப் பழக்கம் விடேல்லை. எந்த இசை நிகழ்ச்சிக்குப் போனாலும் பாடுறவரைப் பாக்க முதல் ஸ்பீக்கர் எங்க நிக்குது எண்டுதான் கண் போகும். மனிசிக்கு இது கண்ணில காட்டக் கூடாது.

போன மாசியில ஒரு சனிக்கிழமை, எழுபதுகளின்ர பொப், எழும்பி ஆடவைக்கிற பைலாப் பாட்டுகள், தமிழும் சிங்களமும் கலந்த நிகழ்ச்சி. மனிசி, தங்கச்சியின்ர மகள், நான். வெள்ளவத்தையில ஓட்டோ பிடிச்சு "விக்டோரியா பார்க்" எண்டன். பெடியன் முழிச்சான். மருமகள்தான் "விகாரமகாதேவி பார்க், அண்ணா" எண்டு காப்பாத்தினாள். துட்டகைமுனு ராசாவின்ர தாயின்ர பேர் வைச்சு எத்தினையோ காலமாச்சு, என்ர வாய்க்குத்தான் இன்னும் வருகுதில்லை.

ஆனந்த குமாரசாமி மாவத்தைப் பக்கம் இறங்குங்கோ. வேலியோரம் படங்களைச் சாத்தி வைச்சு விக்கிற ஓவியர்களைப் பாத்துக்கொண்டே உள்ள போகலாம். மற்றப் பக்கத்தில நகர மண்டபத்தின்ர வெள்ளைக் குவிமாடம், அதைப் பாத்தபடி பொன்னிறப் புத்தர். இரண்டாம் உலக யுத்தத்தில இந்த மரங்களுக்குக் கீழ அவுஸ்திரேலியப் படையள் முகாம் போட்டிருந்தவை. 1951இலதான் திரும்பவும் சனத்துக்குத் திறந்துவிட்டது.

ஆறு மணிக்குத் தொடங்கும் எண்டு ரிக்கற்றில போட்டிருந்தது. ஆறே முக்கால் மட்டும் ஒருத்தன் மைக்கில "செக், செக்" எண்டு சொல்லிக்கொண்டு நிண்டான். ஆனால் அந்த முக்கால் மணித்தியாலத்தை நான் குறையாச் சொல்லமாட்டன். பொழுதுபட, பூங்கா மரங்களில தலைகீழாத் தொங்கின வௌவாலுகள் ஒவ்வொண்டாக் கழண்டு, பிறகு கூட்டமா எழும்பி, எங்கட தலைக்கு மேலால போச்சுதுகள். "மாமா, இவ்வளவு பெரிய காகமா?" எண்டு கேட்டாள் மருமகள். பழந்தின்னி வௌவால் எண்டு சொன்ன பிறகு குடையை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டிருந்தாள். புத்திசாலி.

இனி விஷயத்துக்கு வாறன். ஆளுக்கு நாலாயிரம் ரூபா குடுத்து முன்னுக்கு மூண்டாவது வரிசை எடுத்தது என்ர பிழை. மண்டபத்துக்குள்ள எண்டால் சுவரில பட்டுத் திரும்பிற ஒலி பாட்டுக்கு ஒரு சதைப்பிடிப்பைக் குடுக்கும். வெளியில அது இல்லை. பெட்டியில இருந்து வாறது மட்டும்தான், அதுவும் தூரம் இரண்டு மடங்கானால் சத்தத்தை அளக்கிற கணக்கில 6 டெசிபல் குறையும். பின்னுக்கு இருக்கிறவைக்கும் கேக்கவேணும் எண்டு கூட்டிவிட, முன்னுக்கு இருக்கிறவைக்குக் காது போகும். போதாக்குறைக்கு அடித்தொனி வாற பேஸ் பெட்டியளை மேடைக்குக் கீழ நிலத்தில வைச்சிருந்தவை. குரல் வாற பெட்டியள் உயரத்தில தொங்குது. அதால முன்வரிசைக்காரர் நெஞ்சில பேஸ் வாங்கிக்கொண்டு இருக்க, பாட்டு அவையின்ர தலைக்கு மேலால பின்னுக்குப் போகுது. அப்பா சொல்லுவார், குழாய்க்கு முன்னால நிக்கிறவன் பாட்டுக் கேக்கிறேல்லை, சத்தம்தான் கேக்கிறான் எண்டு.

நாலாவது பாட்டோட எழும்பிட்டன். மனிசி முறைச்சா. ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் மேசைக்குப் பின்னால, ஆயிரம் ரூபா ரிக்கற் பகுதியில மூண்டு கதிரை வெறுமையாக் கிடந்தது. அந்த மேசையில இருக்கிறவன் தன்ர காதுக்கு எது நல்லாக் கேக்குதோ அதைத்தான் சரி எண்டு வைப்பான். அவனுக்குப் பக்கத்தில இருந்தால் அவன் கேக்கிறதுதான் எங்களுக்கும். பேஸ் கிற்றார் தனியா, கொங்கா மேளம் தனியா, குரல் தனியாப் பிரிஞ்சு வந்துது. காத்து அடிக்கேக்க மட்டும் சிம்பல் சத்தம் கொஞ்சம் அலைஞ்சுது. திறந்த வெளியில அதுக்கு மருந்தில்லை.

பக்கத்திலயே தாமரைத் தடாகம் அரங்கம் கிடக்கு, 2011இல திறந்தது, குளிரூட்டின மண்டபம். வயலின் கச்சேரிக்கு நான் அங்கதான் போவன். ஆனால் பைலாவுக்கு எழும்பி ஆடாமல் எப்பிடி? இங்க எங்களுக்குப் பின்னால ஒரு குடும்பம் சிங்களத்தில பாட, தமிழ்ப் பாட்டு வரேக்க பக்கத்து வரிசைக் கிழவர் ஒருத்தர் சேட்டுக் கையை மடிச்சுவிட்டு இறங்கினார். காவலுக்கு நிண்ட பெடியனும் தடுக்கேல்லை.

மாசியில போங்கோ, பெரும்பாலும் மழை குழப்பாது. சித்திரையிலயும் ஐப்பசியிலயும் பின்னேர இடிமழை நிச்சயம் எண்டே நினைச்சுக்கொள்ளுங்கோ. நுளம்புக்கு ஏதாவது பூசிக்கொண்டு போங்கோ, வெறுங்காலோட இருந்த மனிசி இரண்டு நாள் சொறிஞ்சா. பிளாஸ்ரிக் கதிரையில மூண்டு மணித்தியாலம் இடுப்புக்குக் கஷ்டம், ஒரு சின்னத் தலகணி கொண்டு போனாலும் வெக்கமில்லை.

திரும்பி வரேக்க ஓட்டோவில மனிசி கணக்குப் பாத்தா: ஆளுக்கு மூவாயிரம், மூண்டு பேருக்கு ஒன்பதாயிரம் வீண். வீட்டு வாசல் மட்டும் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தா.