பழைய மினிவேனுக்கு வீட்டிலேயே ஏசி கேஸ்: அந்தக் கேன் தேறுமா?

நியூ ஜெர்சியில் ஜூலை வெயிலோடு புழுக்கமும் சேர்ந்துகொண்டால், மினிவேனின் கடைசி வரிசையில் உட்காருவது தண்டனைதான். எங்கள் வேன் 2008 மாடல். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரட்டை ஏசி. ஓடும்போது ஓரளவு குளிரும். சிக்னலில் நின்றால் வெதுவெதுப்பான காற்று. ஒர்க்‌ஷாப்பில் 200 டாலருக்கு மேல் சொன்னார்கள். அதனால் ஆட்டோ பார்ட்ஸ் கடையில் ஹோஸும் அழுத்தம் காட்டும் கேஜும் சேர்ந்து வரும் ஆர்-134ஏ என்ற ஏசி கேஸ் கேன் ஒன்றை 50 டாலருக்குள் வாங்கிவந்தேன்.

வாங்கும் முன் பானட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துவிடுங்கள். என்ன கேஸ், எவ்வளவு எடை என்று அதில் இருக்கும். இப்போது வரும் வண்டிகளில் ஆர்-1234ஒய்எஃப் என்ற வேறு கேஸ். அதற்கு இந்த ஹோஸ் மாட்டாது. கடையில் லீக் அடைக்கும் மருந்து கலந்த கேனும் கிடைக்கும். நான் அதைத் தொடவில்லை. நாளைக்கு ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் அந்த மருந்து அவர்களுடைய மெஷினுக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும் என்பதால் சில இடங்களில் வண்டியை எடுக்கவே யோசிப்பார்கள்.

மாட்டுவது சுலபம். தடித்த குழாயில் ‘எல்’ (லோ, அழுத்தம் குறைவான பக்கம்) என்று மூடி போட்ட வாய்தான் நமக்கு வேண்டியது. அழுத்தம் அதிகமான பக்கத்து வாய் வேறு அளவு என்பதால் தப்பித்தவறியும் ஹோஸ் முனையில் இருக்கும் கப்ளர் அதில் உட்காராது. அங்கே மாட்டினால் கேன் வெடிக்கவும் கூடும், ஆகவே இந்த ஏற்பாட்டுக்கு முழு மதிப்பெண். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் மட்டும் கட்டாயம் போடுங்கள். மைனஸ் 26 டிகிரி செல்சியஸில் கொதிக்கிற திரவம் அது. தோலில் பட்டால் புண்ணாகிவிடும்.

இன்ஜினைப் போடுவதற்கு முன்பே ஒருமுறை கேஜைப் பார்க்க வேண்டும். 90 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் உள்ளே ஓரளவு கேஸ் இருந்தால் முள் 100 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) பக்கம் நிற்கும். பூஜ்யத்தை ஒட்டி நின்றால் கேனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். எங்கேயோ பெரிய லீக் இருக்கிறது; அதை அடைத்து, காற்றையும் ஈரத்தையும் வேக்குவம் போட்டு இழுத்த பிறகுதான் கேஸ் ஏற்ற முடியும்.

இந்தக் கேனில் எனக்குப் பிடிக்காதது கேஜ்தான். கேஸ் குறைவாக இருக்கும்போது கம்ப்ரெஸர் ஓடி ஓடி நிற்கும், முள்ளும் கூடவே ஆடும். கேஜில் சரியான அளவைக் காட்டுவது பச்சைப் பகுதி. “பச்சைக்கு வந்தாச்சே, நிறுத்தும்மா” என்றார் வீட்டுக்காரர். அடுத்த நொடியே பச்சையை விட்டு இறங்கியது. உண்மையில் முழு அளவு என்பது எடைக் கணக்கு. உள்ளே மிச்சம் எவ்வளவு என்று தெரியாமல், ஒரு பக்கத்து அழுத்தத்தை மட்டும் பார்த்துச் சொல்வது குத்துமதிப்புதான்.

அதனால் சமையலறைத் தராசையும் பால் தெர்மாமீட்டரையும் எடுத்துவந்தேன். தெர்மாமீட்டரை முன்பக்கம் காற்று வரும் வெண்டில் செருகி, இரண்டு ஏசியையும் முழு வேகத்தில் ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். நடுநடுவே கேனைக் கழற்றி எடை பார்த்தேன். 68 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருந்த காற்று 48க்கு இறங்கி அங்கேயே நின்றது. அதற்கு மேல் விடவில்லை. கேஸ் அதிகமானால் குளிர் குறையும், கம்ப்ரெஸருக்கும் பாரம். பெட்டியில் இருந்த கையேட்டில், பின் ஏசியையும் போட வேண்டும் என்று ஒரு வரி கூட இல்லை. மினிவேன்காரர்களை யார் நினைக்கிறார்கள்!

மிச்சக் கேஸ் வீணாகாது. 2018 முதல் அமெரிக்காவில் விற்பதற்காகத் தயாரிக்கிற சின்னக் கேன்களில் தானாக மூடிக்கொள்ளும் வால்வு இருக்க வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான், இந்த வாயு பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்ஸைடைப் போல 1,400 மடங்குக்கும் மேல். கலிஃபோர்னியாவில் இருக்கும் அண்ணன் கேனுக்கு 10 டாலர் டெபாசிட் வேறு கட்டினாராம், காலி கேனைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். ஹோஸைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை 12 அவுன்ஸ் சாதாக் கேன் வாங்கினால் போதும். ஆனால் அடுத்த கோடைக்கே மறுபடி குறைந்தால் கேன் வாங்க மாட்டேன். பின் ஏசிக்கு வண்டியின் அடியில் ஓடும் அலுமினியக் குழாய், குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பில் அரித்துப் போயிருக்கும். அதை லிஃப்டில் ஏற்றிப் பார்க்க ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும்.