ஆமைக்குட்டி செட்: தொட்டி சுமார், கூடத் தரும் மஞ்சள் பவுடர் வேண்டவே வேண்டாம்

சென்னையில் ஓர் அக்வேரியம் கடையில் என் தங்கை வாங்கிய ஆமைக்குட்டி செட் பற்றி எழுதுகிறேன். கடைப் பெயர் போடவில்லை, இதே மாதிரி செட் வேறு கடைகளிலும் கிடைக்கிறது. நடுவில் பிளாஸ்டிக் தென்னைமரம் நிற்கிற சின்னத் தொட்டி, ஒரு டப்பா தீனி, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள குட்டி, அப்புறம் பெயரோ தேதியோ ஒட்டாத ஜிப் கவரில் மஞ்சள் பவுடர்.

தொட்டியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த ஆமை வளர்ந்தால் கிட்டத்தட்ட ஓர் அடி வரை வரும், 20, 30 வருஷம் உயிரோடு இருக்கும். அதற்கு இந்தக் கிண்ணம் போதாது. பில்டர் இல்லை, ஏறி உட்கார்ந்து காய இடமில்லை, யூவி விளக்கு இல்லை. நட்சத்திர ஆமையை விற்கவில்லை, அந்த மட்டில் சரி, அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

பவுடர் என்னவென்று கடையில் கேட்டேன். "டெட்ராசைக்ளின் மேடம், தண்ணி மாத்துறப்பல்லாம் ஒரு சிட்டிகை போடுங்க, நோயே வராது" என்றார் கடைக்காரர். டெட்ராசைக்ளின் என்பது கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்து. ஆஸ்பத்திரி மைக்ரோபயாலஜி லேப்பில் (கிருமிகளைச் சோதிக்கிற இடம்) வேலை பார்க்கிற எனக்கு இது வயிற்றைக் கலக்கியது.

ஆமை, ஓணான், பாம்பு எல்லாவற்றின் குடலிலும் சால்மோனெல்லா என்ற, மனிதருக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி சாதாரணமாகக் குடியிருக்கும். ஆமைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. சில நாள் மலத்தில் வரும், சில நாள் வராது, அதனால் ஒரு தடவை டெஸ்ட் பண்ணி "இல்லை" என்று வந்தால் நிம்மதியாக இருக்க முடியாது. ஆன்டிபயாடிக் கொடுத்தும் அதை அடியோடு ஒழிக்க முடியாது. சிட்டிகை சிட்டிகையாகப் போடும்போது மருந்துக்கு மசிகிற கிருமி சாகிறது, மசியாதது மிச்சமாகிப் பெருகுகிறது, அதே தண்ணீரில் இருக்கிற ஈகோலை, கிளெப்சியெல்லா போன்ற வேறு கிருமிகளும் மருந்தை எதிர்க்கும் மரபணுக்களைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்கின்றன. லேப்பில் கிருமி வளர்க்கிற தட்டில் மருந்து வில்லையை வைத்தால், மருந்துக்கு மசிகிற கிருமி என்றால் வில்லையைச் சுற்றி வட்டமாகத் தெளிவு தெரியும். மசியாத கிருமி வில்லையின் விளிம்பு வரை அப்படியே மண்டிக் கிடக்கும்.

இது பெரிய அளவில் நடந்தும் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆமையால் மட்டும் வருஷத்துக்கு சுமார் 2,80,000 பேருக்கு சால்மோனெல்லா தொற்று வந்ததாக மதிப்பிட்டார்கள். 1975இல் ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்கத் தடை போட்டார்கள், அந்த அளவு குட்டியைத்தான் பிள்ளைகள் வாயில் வைக்கும் என்பதால். ஆனால் ஏற்றுமதி தொடர்ந்தது. கிருமி இல்லாத குட்டி வேண்டுமென்று லூசியானா பண்ணைகளில் முட்டைகளை ஜென்டாமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கில் முக்கி எடுத்தார்கள். கடைசியில் ஜென்டாமைசினுக்கு மசியாத சால்மோனெல்லாவோடு குட்டிகள் வெளிநாடு போய்ச் சேர்ந்தன.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு, மருந்தே இல்லாமல் சரியாகிவிடும். கைக்குழந்தைக்கு அப்படி இல்லை, கிருமி ரத்தத்தில் ஏறலாம், மூளை உறை வரை போகலாம். அந்த நேரத்தில் டாக்டர் கையில் இருக்கிற மருந்துகள் ஒவ்வொன்றாக வேலை செய்யாமல் போனால் என்ன செய்வது? 5 வயதுக்குக் கீழே குழந்தை, வயதானவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் இருக்கும் வீட்டில் ஆமையே வேண்டாம் என்றுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. கடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொட்டியைக் கிச்சன் சிங்க்கில் கழுவக்கூடாது, தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவணும் என்றுகூடச் சொல்லவில்லை.

இதையெல்லாம் கடைக்காரரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், அதற்கு நன்றி. "குட்டி செத்துட்டா கஸ்டமர் எங்க மேலதான் பாயறாங்க மேடம், மொத்த வியாபாரி இதையும் சேர்த்துத்தான் அனுப்புறாரு" என்றார். அவர் கஷ்டம் புரிகிறது. ஆனால் குட்டி சாவது பெரும்பாலும் அழுக்குத் தண்ணீர், குளிர், வெளிச்சமின்மை இவற்றால். அதைப் பவுடரால் மூடி மறைக்கிறோம். பவுடருக்குப் பதில் ஒரு பில்டரும் விளக்கும் வைத்து, விலையைக் கூட்டி விற்கட்டும், நானே பத்துப் பேரிடம் அந்தக் கடையைச் சொல்கிறேன்.

இப்போதைக்கு ஐந்துக்கு ஒன்று. ஏற்கெனவே வாங்கியவர்கள் பவுடரை நிறுத்துங்கள், ஆமைக்கு நிஜமாகவே உடம்பு சரியில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்க்க முடியவில்லை என்று ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடாதீர்கள், அங்கே இருக்கும் நம்மூர் ஆமைகளுக்கு அது போட்டி.