தாய் முயல் பால் கொடுக்கவில்லை என்றால்: பிடித்து ஊட்டவிடுவதா, வேறு தாயிடம் சேர்ப்பதா, சிரிஞ்சா?

முயல் குட்டி போட்ட மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது குட்டியின் வயிற்றைத்தான். பால் குடித்த குட்டிக்கு வயிறு சின்னப் பந்து மாதிரி உப்பியிருக்கும், மெல்லிய தோலுக்கு அடியில் பால் வெள்ளையாகவே தெரியும். குடிக்காத குட்டியின் தோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருக்கும். மேலே கையைக் கொண்டுபோனாலே எம்பி எம்பிக் காம்பைத் தேடும், உள்ளங்கையைக்கூட முட்டும். அந்த முட்டலை ஒருமுறை உணர்ந்துவிட்டால் அப்புறம் மறக்காது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், "தாய் பக்கத்திலேயே போகமாட்டேங்குது" என்று பதறுகிறவர்களில் பலர் வீட்டில் தாய் சரியாகத்தான் ஊட்டிக்கொண்டிருக்கும். முயல் ஒரு நாளைக்கு ஒருமுறை, சில சமயம் இரண்டு முறைதான் ஊட்டும். அதுவும் 3 முதல் 5 நிமிடம், பெரும்பாலும் இரவிலோ விடிவதற்கு முன்போ. மற்ற நேரமெல்லாம் பெட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஆடும் நாயும் வளர்த்துப் பழகிய கண்ணுக்கு இது கொடுமையாகத் தெரியலாம். ஆனால் காட்டில் வளையை மூடிவிட்டு விலகி இருந்தால்தான் வேட்டை விலங்குக்கு வாசனை போகாது, அந்தப் பழக்கம்தான் கூண்டிலும் வருகிறது. வயிறு நிறைந்திருந்தால் பெட்டியை மூடிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். பிறந்த குட்டி ஒரு நாள் பசி தாங்கும். இரண்டாம் நாள் காலையிலும் வயிறு காலி என்றால் இறங்கித்தான் ஆக வேண்டும்.

எந்த வழியில் இறங்கினாலும் முதலில் சூடு. சில்லிட்டுப்போன குட்டிக்குப் பால் கொடுக்கவே கூடாது, செரிக்காது. துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலோ, சற்றுத் தள்ளி 40 வாட் குண்டு பல்போ வைத்து, குட்டி சிவந்து நெளிய ஆரம்பித்த பிறகுதான் பால். கொடைக்கானல், ஊட்டி பக்கம் இந்தச் சூடுதான் பாதிப் பிரச்சினை. சமவெளியில் சித்திரை வெயிலில் நேர்மாறு: குட்டிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் படுத்து மூச்சு வாங்கினால் தாய் தன் உடம்பிலிருந்து பிய்த்துப் பெட்டியில் போட்டிருக்கும் முடியைக் கொஞ்சம் எடுத்துவிட வேண்டும்.

சரி, மூன்று வழிகள். என் வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாயைப் பிடித்து ஊட்டவிடுவது முதல், வேறு தாயிடம் சேர்ப்பது இரண்டாவது, சிரிஞ்ச் கடைசி. நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். குட்டி பசியோடு இருப்பதைப் பார்த்ததும் கை பால் பாக்கெட்டைத்தான் தேடுகிறது. எனக்கும் முதல்முறை அப்படித்தான் ஆனது. நான்கு குட்டிகளில் ஒன்றுதான் மிஞ்சியது, அந்த மூன்றும் போன விதம் இன்றும் மனதை உறுத்துகிறது.

தாயைப் பிடித்து ஊட்டவிடுவது தலைச்சன் ஈற்றுக்கு அருமையான வழி. பால் இருக்கும், ஆனால் என்ன செய்வது என்று அந்தப் பெட்டைக்குத் தெரியாது. பயந்துபோய்க் குட்டியைக் கம்பிவலை மேலேயே போட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும். காலை 6 மணிக்கு ஒருமுறை, மாலை 6 மணிக்கு ஒருமுறை, தரையில் சாக்கு விரித்து, அதை உட்காரவைத்து, ஒரு கையால் தோளை மென்மையாக அழுத்திப் பிடித்துக்கொண்டு குட்டிகளை வயிற்றுக்கு அடியில் விட வேண்டும், அவ்வளவுதான். காம்பை நாம் காட்ட வேண்டியதில்லை. காம்பைச் சுற்றி ஒரு மணப்பொருள் வருகிறது, 2003-இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் அது என்ன என்று பிரித்தே சொன்னார்கள். கண் திறக்காத குட்டி அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு சில நொடிகளில் கவ்விவிடும். சிலர் தாயை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பயத்தில் பின்னங்காலை உதறினால் முயலுக்கு முதுகெலும்பே முறிந்துவிடும். நான் இப்படிப் பிடித்து ஊட்டவிட்ட ஒரு தலைச்சன் பெட்டை, நான்காம் நாள் காலை நான் போவதற்கு முன்பே பெட்டிக்குள் குதித்து நின்றுகொண்டிருந்தது. ஐந்து குட்டிக்கும் வயிறு வெள்ளையாக இருந்தது. செலவு என்று எதுவும் இல்லை, நாளைக்கு இருபது நிமிடம் போனது.

இது எங்கே உதவாது? பாலே இல்லாத இடத்தில். காம்பைத் தொட்டுப் பாருங்கள். மடி கல் மாதிரி இறுகி, சூடாக, சிவந்தோ நீலம் பாரித்தோ இருந்தால் அது மடிநோய். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்தத் தாயிடம் குடித்த குட்டியை இன்னொரு தாயிடம் விட்டுவிடவும் கூடாது, குட்டியின் வாய்வழியாக நோய் அங்கேயும் போய்ச் சேரும். வெறுமனே பால் குறைவு என்றால் தண்ணீரையும் தீவனத்தையும் பாருங்கள். குட்டி போட்ட முயலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் ஒரு நிமிடம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. வேலிமசால், முயல் மசால், அகத்தி, கல்யாண முருங்கை என்று பச்சையும், கூடவே அடர்தீவனமும் வேண்டும்.

வேறு தாயிடம் சேர்ப்பது, ஆள் கிடைத்தால், மூன்றிலும் சுகமான வழி. தாய் முயலுக்குப் பெரும்பாலும் 8 காம்புகள். ஐந்து குட்டி வைத்திருப்பவளிடம் இன்னும் மூன்றைத் தாராளமாக விடலாம். வயது வித்தியாசம் இரண்டு நாளுக்குள் இருக்கட்டும், அதற்கு மேல் போனால் பெரிய குட்டிகள் முட்டித் தள்ளி வந்தது சவலையாகிவிடும். "கை வாசனை பட்டால் தாய் ஒதுக்கிவிடும்" என்று சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வளர்ப்பு முயல் இதில் அவ்வளவு கறார் கிடையாது. தாயை வெளியே எடுத்துவிட்டு, அந்தப் பெட்டியின் முடியிலேயே புதுக் குட்டிகளைப் புரட்டி, மற்றவற்றின் நடுவே புதைத்து, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் தாயை விட்டால் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் ஊட்டிவிடும். எல்லாம் வெள்ளை முயல் என்றால் வந்த குட்டியின் காதில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, அழிய அழிய மறுபடி வையுங்கள். பின்னால் இனப்பெருக்கத்துக்கு எது எந்த வயிற்றுப் பிள்ளை என்று தெரிய வேண்டுமே.

இதன் ஒரே குறை, இன்னொரு தாய் அதே நேரத்தில் குட்டி போட்டிருக்க வேண்டும் என்பது. பண்ணையில் இரண்டு மூன்று பெட்டைகளை ஒரே நாளில் இணைசேர்ப்பது இதற்காகவும்தான், 31 நாள் கணக்கில் எல்லாம் ஒன்றாக ஈனும். மாடியில் ஒரு ஜோடி மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த வசதி கிடையாது. பக்கத்து ஊரில் முயல் வளர்ப்பவர் நம்பர் ஒன்று உங்கள் போனில் இருக்கட்டும். ஒரு செருப்பு டப்பாவில் தாயின் முடியோடு குட்டிகளை வைத்து ஒரு மணி நேரம் பயணம் செய்தாலும் ஒன்றும் ஆகாது, சில்லிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கடைசியாக சிரிஞ்ச். இது ஏன் கடைசி என்பது பாலிலேயே இருக்கிறது. முயல் பாலில் கொழுப்பு ஏறக்குறைய 12 முதல் 15 சதவீதம், புரதம் 10-க்கு மேல், பால் சர்க்கரை 2 சதவீதம் அளவுதான். பசும்பாலில் கொழுப்பு 4, புரதம் 3 சொச்சம், சர்க்கரை 5-ஐத் தொடும். அதாவது பாக்கெட் பால் கொடுத்தால் சத்து மூன்றில் ஒரு பங்கு, வயிற்றை உப்பவைக்கும் சர்க்கரை இரண்டு மடங்குக்கும் மேல். இன்னொன்றும் உண்டு. தாய்ப்பால் குட்டியின் இரைப்பையில் சேரும்போது சில கொழுப்பு அமிலங்கள் உண்டாகிக் கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் காக்கும், இதை எந்த டப்பா பாலும் தராது. வேறு வழியே இல்லையென்றால் பூனைக்குட்டிகளுக்கான பால்பவுடர்தான் ஓரளவு நெருங்கி வரும், அது கிடைக்காத ஊரில் ஆட்டுப்பால்.

அளவு, முதல் நாட்களில் ஒரு குட்டிக்கு நாளொன்றுக்கு மொத்தம் 5 மில்லி, இரண்டு வேளையாக. ஒரு வாரத்தில் 12 முதல் 15 மில்லி, இரண்டு வாரத்தில் 25 மில்லி வரை. கைக்குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுகிற மாதிரி சாய்த்து ஊற்றிவிடக் கூடாது. நான் செய்த தப்பே அதுதான். குட்டியை மல்லாக்கப் பிடித்து, அவசரத்தில் சிரிஞ்சை அழுத்தினேன். மூக்கில் ஒரு சின்னப் பால் குமிழி வந்தது. புரை ஏறியது, மறுநாள் மூச்சுத் திணறல், அதோடு சரி. ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்சில், குட்டி நிமிர்ந்து இருக்கும் நிலையில், சொட்டுச் சொட்டாக உதட்டில் வைத்து, அதுவாக நக்கி உறிஞ்சும் வேகத்துக்கே விட வேண்டும். குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றிலும் பின்புறத்திலும் மெல்லத் தடவினால்தான் சிறுநீர் போகும்.

இந்த மூன்றையும் கலந்தும் செய்யலாம், சொல்லப்போனால் நான் இப்போது அதைத்தான் அதிகம் செய்கிறேன். பத்துக் குட்டி போட்டுப் பால் போதாத தாயிடம், சவலையாக இருக்கும் மூன்றை மட்டும் முதலில் தனியாக விட்டு அவை குடித்த பிறகு மற்றவற்றை விடுவது. அப்போதும் வயிறு ஒட்டியிருக்கும் குட்டிக்கு மட்டும் சிரிஞ்சில் ஒரு மில்லி. தாயின் காம்பில் ஒரு வாய் குடித்தாலும் அது டப்பா பாலில் இல்லாதது.

10 முதல் 12 நாளில் கண் திறக்கும், மூன்றாவது வாரம் பச்சையைக் கடிக்க ஆரம்பிக்கும். முழுக்க சிரிஞ்சில் வளர்ந்த குட்டிக்கு அந்தச் சமயத்தில் இன்னொரு வேலை இருக்கிறது: ஆரோக்கியமான பெரிய முயல் விடியற்காலையில் போடும் திராட்சைக் கொத்து மாதிரியான மெத்துப் புழுக்கையில் ஒன்றை எடுத்துப் பாலில் கரைத்துக் கொடுங்கள். தழையைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அதன் குடலுக்குப் போவது அந்த வழியில்தான்.