ஆன்டெனாவுக்கு வடிவம் தேடுதல்: சிறப்பியல்பு மோடு பகுப்பாய்வும் அதன் போட்டி முறைகளும்

ஒரு கைப்பேசியின் அடித்தகடு (உள்ளிருக்கும் உலோகத் தளம்) 120 மி.மீ. நீளமும் 60 மி.மீ. அகலமும் கொண்டது என்றும், 900 மெகாஹெர்ட்ஸில் இரண்டு ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று குலைக்காமல் அதில் இயங்க வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். அதற்கேற்ற உலோக வடிவத்தைக் கண்டடைய மூன்று வழிகள் உள்ளன: அளவுகளை மாற்றி மாற்றிக் கணினியில் சோதிப்பது, தேடலை ஜெனடிக் அல்காரிதத்திடம் (வடிவங்களைக் கலந்தும் நல்லவற்றைத் தேர்ந்தும் தலைமுறை தலைமுறையாக மேம்படுத்தும் நிரலிடம்) ஒப்படைப்பது, சிறப்பியல்பு மோடு (ஓர் உலோக வடிவம் இயல்பாகத் தாங்கும் மின்னோட்டப் பாங்கு) பகுப்பாய்வின் துணையோடு அந்த உலோகத்தின் இயல்பை முதலில் அறிந்துகொள்வது.

முதல் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நன்கு தெரிந்த வடிவம் ஒன்று கையில் இருந்து, அதன் நீளத்தையோ பிளவின் அகலத்தையோ சற்றே திருத்தினால் போதும் என்ற நிலையில் அதுவே சிக்கனமானது. வரைந்தவர் எண்ணிய மாறிகளைத் தாண்டி அது எதையும் காட்டாது.

ஜெனடிக் அல்காரிதத்தின் வலிமை வேறு தரத்தைச் சேர்ந்தது. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் அவ்வாறு உருவான ஆன்டெனாக்கள், 2006 மார்ச் 22 அன்று ஏவப்பட்ட எஸ்டி-5 திட்டத்தின் சிறு செயற்கைக்கோள்களில் விண்ணுக்குச் சென்றன. தாறுமாறாக வளைந்த கம்பிகளாலான அந்த உருவத்தை ஒரு பொறியாளர் தாமாக வரைந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. திட்டமிட்ட சுற்றுப்பாதை இடையில் மாறியபோது, புதிய தேவைகளைக் கொடுத்து நிரலை மீண்டும் ஓடவிட்டு, அவற்றுக்கு ஏற்ற வேறொரு வடிவத்தை விரைவில் பெற்றார்கள் என்பது உண்மையிலேயே பாராட்டத்தக்கது. ஆனால், கிடைத்த வடிவம் ஏன் வேலை செய்கிறது என்பதை அந்த முறை விளக்குவதில்லை. அதைவிடப் பெரிய குறை, தேடல் தோற்கும்போது தெரிகிறது: கேட்டதே நடவாத ஒன்றா, இன்னும் தேடினால் கிடைக்குமா என்பதை அதன் விடையிலிருந்து பிரித்தறிய வழியில்லை.

நம் அடித்தகட்டில் இந்தக் குறை நேராகவே வந்து நிற்கிறது. அதைத் தெளிவாக்குவது, ராபர்ட் கார்பாக்ஸ் 1960களில் தொடங்கி வைத்து, 1971இல் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தின் ரோஜர் ஹாரிங்டனும் ஜோசப் மாட்ஸும் கணினிக் கணக்கீட்டுக்கு ஏற்றதாக்கிய சிறப்பியல்பு மோடு கோட்பாடு. உலோகப் பரப்பின் இம்பீடன்ஸ் அணியில் (பரப்பின் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் இணைக்கும் சிக்கலெண் அட்டவணையில்) மெய்ப்பகுதி கதிர்வீச்சாக வெளியேறும் ஆற்றலையும், கற்பனைப்பகுதி சுற்றிலும் தேங்கும் ஆற்றலையும் குறிக்கின்றன. இவ்விரண்டையும் கொண்டு ஒரு ஐகன் மதிப்புச் சமன்பாட்டைத் தீர்த்தால், மின்சைகையை எங்கே ஊட்டப்போகிறோம் என்பதைச் சொல்லாமலேயே, அந்த வடிவம் தாங்கக்கூடிய மின்னோட்டப் பாங்குகள் தனித்தனியாகக் கிடைக்கின்றன. இந்தப் பாங்குகளே மோடுகள்; ஒவ்வொன்றுக்கும் உரிய எண் அதன் ஐகன் மதிப்பு. அது சுழியானால் அந்த மோடு ஒத்ததிர்வில் உள்ளது, அதாவது தேங்கும் மின்னாற்றலும் காந்த ஆற்றலும் சமமாக உள்ளன. நேர்மதிப்பானால் காந்த ஆற்றலும், எதிர்மதிப்பானால் மின்னாற்றலும் மிகுதியாகத் தேங்குகின்றன.

900 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 333 மி.மீ. ஆதலால், 120 மி.மீ. தகட்டில் நன்றாகக் கதிர்வீசக்கூடிய மோடு ஒன்றே ஒன்றுதான்: நீளவாக்கில் ஓடும், அரை அலை இருமுனையை (அலைநீளத்தில் பாதி நீளமுள்ள கம்பி ஆன்டெனாவை) ஒத்த மின்னோட்டம். இரண்டு ஆன்டெனாக்களைத் தகட்டின் இரு முனைகளில் வைத்தாலும் இரண்டும் அதே மோடைத்தான் தூண்டும். ஆகவே அவற்றுக்கிடையே பிணைப்பு (ஒன்றின் சைகை மற்றொன்றில் கசிவது) வலுவாகவே இருக்கும். இடத்தை மட்டும் மாற்றிப் பார்க்கும் எந்தத் தேடலும் இந்தத் தடையைத் தாண்டாது. இங்கே மாற்ற வேண்டியது தகட்டின் வடிவம். சுவீடனின் லண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீண்ட விளிம்புகளை ஒட்டி உலோகப் பட்டைகளைச் சேர்த்து, 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இரண்டாவது மோடு ஒன்றையும் ஒத்ததிர்வுக்குக் கொண்டுவர முடியும் என்று காட்டினார்கள். இழப்பற்ற உலோகத்தில் மோடுகளின் தொலைப்புலங்கள் (தொலைவில் சென்றடையும் கதிர்வீச்சுப் புலங்கள்) ஒன்றுக்கொன்று செங்குத்தானவை, அதாவது ஒன்றோடொன்று ஆற்றலைப் பரிமாறாதவை, என்பதால், ஆன்டெனாவுக்கு ஒரு மோடு என்று பிரித்துக் கொடுத்தால் பிணைப்பு தானாகவே குறைகிறது. ஊட்டும் இடத்தையும் அதே படம் சொல்லிவிடுகிறது: மின்புலம் உச்சமாகும் இடத்தில் மின்தேக்கிவகை ஊட்டல், மின்னோட்டம் உச்சமாகும் இடத்தில் மின்தூண்டிவகை ஊட்டல். இந்தக் கோட்பாட்டின் மேல் எனக்குள்ள மதிப்பு முழுவதும் இதிலிருந்தே வருகிறது.

ஆயினும் அதன் எல்லைகள் உண்மையானவை. மின்கடத்தாப் பொருள் சேரும்போது, சில சமன்பாட்டு வடிவங்கள் கதிர்வீசாத போலி மோடுகளையும் தருகின்றன. அதிர்வெண் மாறும்போது எந்த மோடு எது என்று தொடர்ந்து அடையாளம் காண்பதே தனி வேலை. பல அலைநீளப் பரப்புள்ள உலோகத்தில் முக்கியமான மோடுகளின் எண்ணிக்கை மிகுந்து, படத்தின் தெளிவு போய்விடுகிறது. மேலும், ஊட்டுமுனையில் உண்மையில் என்ன இம்பீடன்ஸ் கிடைக்கும் என்பதை முழுமையான உருவகப்படுத்தலில்தான் பார்க்க முடியும்.

எனவே, ஓரிரு அலைநீளத்துக்குள் அடங்கும் உலோக அமைப்புக்கு நான் மோடு பகுப்பாய்விலிருந்தே தொடங்குவேன். அது காட்டும் இரண்டு மூன்று அளவுகளை மட்டும் அல்காரிதத்திடம் கொடுத்துச் செம்மைப்படுத்துவேன். எஸ்டி-5 போல, சுற்றியுள்ள உலோகம் குறைவாகவும், எல்லாத் திசைகளிலும் வேண்டிய கதிர்வீச்சு வடிவம் மட்டும் கண்டிப்பாகவும் வரையறுக்கப்பட்டிருக்கும் கம்பி ஆன்டெனாவுக்கு, ஜெனடிக் அல்காரிதத்தையே முதலில் ஓடவிடுவேன்.