வென்சிமோடு ஒன்றரை வருடம்: கிராஃப் ஏன் ஆடுகிறது?

வென்சிம் பிஎல்இ என்பது, காலப்போக்கில் மாறுகிற விஷயங்களை மாடலாக வரைந்து கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள். அதை ஒன்றரை வருடமாகப் பயன்படுத்துகிறேன். சொந்தமாகக் கற்பவர்களுக்கு இலவசம். விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். ஸ்டாக் (சேர்ந்திருக்கும் அளவு), ஃப்ளோ (அது ஏறும் அல்லது இறங்கும் வேகம்) வரைய இரண்டு நாளில் கை பழகிவிடும். கிராஃப் விசித்திரமாக வரும்போது தப்பு எங்கே இருக்கிறது என்று தேடக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு மாதக்கணக்கில் ஆனது.

முதல் மாடல், ஆறுகிற காபி. காபி 90 டிகிரி, அறை 30. இரண்டின் வித்தியாசத்தை 10-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு எவ்வளவு இறங்கும் என்று வரும். ஓடவிட்டால் காபி ஏறிக்கொண்டே போய் 10 நிமிடத்தில் 185 டிகிரியைத் தாண்டியது. காபியிலிருந்து அறையைக் கழிப்பதற்குப் பதில் அறையிலிருந்து காபியைக் கழித்திருந்தேன். அதைச் சரிசெய்தபின் 50.9 வந்தது. கால்குலேட்டரோ 52.1 என்றது. டைம் ஸ்டெப், அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையிலான நேரம், 1 நிமிடம் என்று இருந்ததுதான் காரணம். மாடல் கணக்கிட்ட யூலர் முறை ஒரு ஸ்டெப் முழுக்க ஒரே வேகத்தை வைத்துக்கொள்கிறது, காபியின் வேகமோ நொடிக்கு நொடி குறைகிறது. 0.125 கொடுத்ததும் 51.9 ஆனது. அன்றிலிருந்து எந்த மாடலானாலும் டைம் ஸ்டெப்பைப் பாதியாக்கி ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன். கிராஃப் மாறினால் கோளாறு கணக்கிடும் விதத்தில் இருக்கிறது.

அடுத்து ஒரு அரிசிக் கடை. கையிருப்பு 60 மூட்டை, தினம் விற்பனை 10, ஆர்டர் போட்டால் சரக்கு வர 4 நாள். விற்பனையை 12 ஆக்கினேன். இருப்பு மேலும் கீழும் பாய்ந்து மைனஸுக்கே போய்விட்டது. மேக்ஸ் (இரண்டில் பெரியதை எடுக்கும் ஃபங்ஷன்) போட்டுப் பூஜ்யத்தில் நிறுத்திவிடலாமா என்று முதலில் யோசித்தேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், தப்பு மறைந்துவிடும். யூனிட்ஸ் செக் (சமன்பாட்டின் இரு பக்கமும் அலகு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் வசதி) ஓட்டினால் விஷயம் வெளியே வந்தது. 60-க்குக் குறைகிற மூட்டைகளை அப்படியே தினசரி ஆர்டரில் கூட்டியிருக்கிறேன். ஒரு பக்கம் 'மூட்டை', மறுபக்கம் 'மூட்டை / நாள்'. குறையை எத்தனை நாளில் ஈடுகட்டுவது என்று ஒரு எண்ணால் வகுக்க வேண்டும். 4 நாள் என்று வைத்தேன். யூனிட் எழுதுவது சலிப்பான வேலைதான், ஆனாலும் முதல் நாளிலேயே எழுதிவிடுங்கள்.

இப்போதும் ஆட்டம் நிற்கவில்லை. இருப்பு 52-க்கு இறங்கியது, அப்புறம் 60-ஐத் தாண்டி ஏறியது, மறுபடி இறங்கியது. சுமார் 19 நாளுக்கு ஒரு சுற்று, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. டைம் ஸ்டெப்பைப் பாதியாக்கினேன், கிராஃப் அசையவில்லை. யூனிட்டும் சரி. ஒரு வாரம் இல்லாத தப்பைத் தேடினேன். கடைசியில் காசஸ் ஸ்ட்ரிப் என்ற, ஒன்றையும் அதற்குக் காரணமானவற்றையும் கிராஃபாக அடுக்கிக் காட்டும் வசதியைத் திறந்து ஆர்டர், வரவு, இருப்பு மூன்றையும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பார்த்தபோதுதான் புரிந்தது. வழியில் வந்துகொண்டிருக்கும் மூட்டைகளைக் கடைக்காரர் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஏற்கெனவே கேட்டதையே தினமும் திரும்பக் கேட்கிறார்! வழியில் இருக்க வேண்டியது எவ்வளவு, இருப்பது எவ்வளவு என்பதையும் ஆர்டர் சமன்பாட்டில் சேர்த்தேன். 52 வரை இறங்கிய இருப்பு மெல்ல ஏறி 60-ல் நின்றுவிட்டது.

எம்ஐடி-யில் 1956-இல் சிஸ்டம் டைனமிக்ஸ் என்ற இந்தத் துறையைத் தொடங்கிய ஜே ஃபாரஸ்டர் முதலில் கண்டதும் இதே போன்ற ஒன்றுதான். ஜெனரல் எலக்ட்ரிக் ஆலைகளில் வேலையாட்கள் எண்ணிக்கை ஏறி இறங்கியதற்கு, ஆள் எடுப்பதிலும் சரக்கு வைப்பதிலும் ஆலையே கடைப்பிடித்த விதிகள் போதும் என்று நோட்டுப் புத்தகத்தில் கையால் கணக்குப் போட்டுக் காட்டினார். என் சின்னக் கடையில் அதைக் கண்ணால் பார்த்த அன்று தூக்கம் வரவில்லை.

பிஎல்இ-யில் அரே வசதி (ஒரே மாடலைப் பல சரக்குக்குப் பயன்படுத்துவது) கிடையாது, ஒவ்வொரு சரக்குக்கும் தனியாக வரைய வேண்டும். அரிசிக்குப் பக்கத்தில் இப்போது துவரம் பருப்பை வரைந்துகொண்டிருக்கிறேன். அதற்குச் சரக்கு வர 9 நாள்.