முற்றத்துக்கு எந்தப் படநூல்: வாங்கியதா, அச்சிட்டதா?

சிறுபிள்ளைகளை வெளியில் கற்பனையோடு விளையாடவும் சமையலில் கைவைக்கவும் தூண்டும் படநூல்களைத் தேடும் பாலக்கோடு பக்கத்துப் பெற்றோருக்கு இரண்டு வழிகள் உண்டு. சென்னைத் தூலிகா போன்ற பதிப்பகங்களின் நூல்களை வாங்கலாம்; அல்லது லாபநோக்கற்ற சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்திலிருந்து தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி, தாளில் அச்சிட்டுத் தைத்துக்கொள்ளலாம். ஐந்து வயது மகளுக்காக இரண்டையும் வைத்துப் பார்த்தபின் நான் இரண்டாவதையே தேர்ந்துகொண்டேன்.

ஓவியத்தின் நிறத்திலும் தாளின் தரத்திலும் வாங்கிய நூலே மேலானது. இரவில் மடியில் வைத்துப் படித்துக்காட்ட அதற்கு இணையில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. கொட்டாங்குச்சியில் மண் இட்லி ஊற்றிக் கூட்டாஞ்சோறு விளையாடும் பிள்ளை, படத்தைப் பார்ப்பதும் செய்வதுமாக மாறி மாறி இயங்குவதால், நூல் வேப்பமரத்தடியில் சேற்றுக் கைக்கு எட்டும் தூரத்திலேயே கிடக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கியதை அங்கே விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. "கையைக் கழுவிட்டு வந்து தொடு கண்ணு" என்று ஒவ்வொரு முறையும் சொல்லச் சொல்ல, விளையாட்டு அறுந்து நூல் அலமாரிக்குப் போய்விடும். அச்சிட்ட தாளில் அந்தக் கவலையே இல்லை. ஒரு பக்கம் நனைந்தால் அதை மட்டும் மீண்டும் அச்சிட்டுச் செருகிவிடலாம்.

இன்னொரு வசதியும் உண்டு. அக்கதைகளின் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், எழுதியவர், வரைந்தவர் பெயர்களைக் குறிப்பிட்டால் படியெடுக்கவும் வரிகளை மாற்றவும் இடம் தருகிறது. அதனால் ஒரு கதையின் நடுவே, மார்கழியில் ஊறவைத்த மொச்சையைப் பிதுக்கிப் பருப்பெடுக்கும் பக்கம் ஒன்றை எழுதிச் சேர்த்தோம். படத்தை மகளே வரைந்தாள். பிதுக்குப் பருப்புக் குழம்புக்கு மொச்சை பிதுக்க உட்கார்ந்தபோது தன் பக்கத்தை எடுத்துவந்து அருகில் விரித்துக்கொண்டாள். மறுநாள் முற்றத்தில் கூழாங்கற்கள் மொச்சையாயின.

குறைகளும் இருக்கின்றன. ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் ஓவியம் மங்கிப்போகும். எல்லாப் பக்கங்களையும் வண்ணத்தில் எடுத்தால் சிக்கனம் குறைந்துவிடும். நான் அட்டையையும் சமையல் காட்சிகளையும் மட்டும் வண்ணத்தில் எடுக்கிறேன். தாளைக் கிழித்து வாயில் வைக்கும் வயதினருக்குக் கெட்டி அட்டை நூலே பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் அந்த வயதில் எனக்கு அனுபவம் குறைவு. எந்த நூலாயினும், அடுப்பு வரும் பக்கத்தைப் பெரியவர் ஒருவர் உடனிருந்தே செய்துபார்க்க வேண்டும்.