இங்கிலாந்தின் தலைமையாசிரியர் தரநிலைகள்: ஒரு மதிப்பீடு

இங்கிலாந்தின் கல்வித் துறை 2020 அக்டோபரில் வெளியிட்ட தலைமையாசிரியர் தரநிலைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பொதுப் பதவி வகிப்போருக்கென பிரிட்டனில் வகுக்கப்பட்ட, தன்னலமின்மை, நேர்மை போன்ற ஏழு நெறிகளை அடியொற்றிய நன்னடத்தைப் பகுதியோடு தொடங்கும் இச்சிறு ஆவணம், பள்ளிப் பண்பாடு முதல் பொறுப்புடைமை வரை பத்துத் தரநிலைகளை முன்வைக்கிறது.

இவை கட்டாயமல்ல என்பதே எனக்கு மிகவும் பிடித்த அம்சம். சரிபார்ப்புப் பட்டியலாக இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆவணமே தெளிவுபடுத்துவதால், ஒரு தலைமையாசிரியர் தம் குறைகளைத் தயக்கமின்றி எழுதிவைத்து, ஆண்டு மதிப்பீட்டின்போது அவற்றையே தம் பயிற்சித் தேவைகளாக முன்வைக்க இடமுண்டு. எடுத்துக்காட்டாக, ஐந்தாம் தரநிலை சிறப்புத் தேவையுடைய மாணவர்களைப் பற்றியது. அதை வாசிக்கும் ஒருவர், அம்மாணவர்களிடம் நம் பள்ளி உண்மையிலேயே உயர்ந்த எதிர்பார்ப்பு வைத்திருக்கிறதா, அந்தப் பொறுப்பு முழுவதையும் ஒரே ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டோமா என்று தம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால், தலைமையாசிரியரின் சொந்த வளர்ச்சிக்கு நன்னடத்தைப் பகுதியில் ஒரு வரிதான் உண்டு. ஆறாம் தரநிலை பேசுவது பெரும்பாலும் ஊழியர்களின் வளர்ச்சியைத்தான். ஆஸ்திரேலியாவின் தலைமையாசிரியர் தரநிலையோ தன்னை வளர்த்துக்கொள்வதையும் பிறரை வளர்ப்பதையும் ஐந்து பணிகளுள் ஒன்றாகவே வைத்திருப்பதோடு, அனுபவத்துக்கேற்ற படிநிலைகளையும் 2014 முதல் விளக்குகிறது. புதிதாகப் பொறுப்பேற்பவர் இரண்டையும் சேர்த்தே வாசிப்பது நல்லது.